வெண்ணெயில் சூடாக ஒரு லாப்ஸ்டர் ரோல்

கேள்வி: கோடையில் கனெக்டிகட் கடற்கரைக்குப் போனபோது சாலையோரக் கடை ஒன்றில் லாப்ஸ்டர் ரோல் (சிங்கி இறால் மாதிரியான லாப்ஸ்டரின் சதையை வைத்த பன்) சாப்பிட்டோம். மயோனைஸ் கிடையாது, வெறும் வெண்ணெய்தான். சதை சூடாக, மெத்தென்று இருந்தது. வீட்டில் செய்தால் சதை ரப்பராக இழுக்கிறது, வெண்ணெய் எண்ணெயாகப் பிரிகிறது, பன் நனைந்து பிய்ந்துவிடுகிறது. எங்கே தப்பு அக்கா?
– ஒரு வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

பதில்: முதல் இரண்டுக்கும் காரணம் சூடு. பன் பிய்வதற்குக் காரணம் தண்ணீர். இந்த இரண்டையும் கவனித்தால் போதும், வேறு வித்தை எதுவும் இல்லை.

நீங்கள் சாப்பிட்டது கனெக்டிகட்காரர்களின் ரோல். மில்ஃபோர்டில் பெர்ரிஸ் என்ற கடையில் 1920-களின் கடைசியில் தொடங்கியதாகச் சொல்வார்கள். வடக்கே மெயின் மாநிலத்தில் குளிர்ந்த சதையில் மயோனைஸ் கலந்து தருவார்கள். அதுவும் நல்ல சாப்பாடுதான். ஆனால் லாப்ஸ்டரின் இனிப்பு முழுதாகத் தெரிவது சூடான வெண்ணெயில்தான் என்பது, இந்தப் பக்கம் பல வருடமாகக் குடியிருக்கும் என் முடிவு.

ஒரு ரோலுக்கு ஒன்றேகால் பவுண்டு லாப்ஸ்டர் ஒன்று என்று கணக்கு வையுங்கள். ஓடும் தலையும் போக மிஞ்சுவது கால்வாசி எடைக்கும் குறைவுதான். கோடையில் ஓடு மாற்றிய லாப்ஸ்டர் வரும். சதை இன்னும் குறைவு, உள்ளே தண்ணீர் அதிகம், ஆனால் ருசி அபாரம். உயிரோடு இருப்பதைத்தான் வாங்க வேண்டும். செத்ததை வாங்கி வைத்தால் வேகமாகக் கெட்டுவிடும். வீட்டில் கொல்ல மனம் வரவில்லை என்றால் மீன் கடையில் கேட்டுப் பாருங்கள், பல கடைகளில் அவித்தே தருவார்கள். "கொஞ்சம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள்" என்று சொல்ல மறக்காதீர்கள்.

அதுதான் முக்கியம். இந்த ரோலில் லாப்ஸ்டர் இரண்டு முறை வேகிறது: ஆவியில் ஒரு முறை, வெண்ணெயில் ஒரு முறை. முதல் முறையே முழுதாக வெந்துவிட்டால், இரண்டாவது சூட்டில் சதை இறுகி உள்ளிருக்கும் நீரையெல்லாம் பிழிந்து வெளியே தள்ளும். ரப்பர் ஆவது அப்படித்தான். பெரிய பானையில் ஓர் அங்குலம் உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, மூடி, எட்டு ஒன்பது நிமிடம் ஆவியில் விட்டு எடுத்துவிடுங்கள். கை பொறுக்கும் சூட்டில் உடையுங்கள். வாலை நீளவாக்கில் கீறிக் குடலை எடுங்கள். பச்சை நிறத்தில் இருக்கும் ஈரலை எறிந்துவிடுங்கள். நச்சு சேரும் இடம் அது, சாப்பிட வேண்டாம் என்று மெயின் சுகாதாரத் துறையே சொல்கிறது. சின்னக் கால்களை வீணாக்காதீர்கள். பூரிக்கட்டையை மெதுவாக உருட்டினால் உள்ளிருக்கும் சதை மெல்லிய குச்சியாக முழுசாக வெளியே வரும்.

அப்புறம் எல்லாவற்றையும் பெரிய துண்டுகளாக நறுக்கி, துணியில் பரப்பிப் பத்து நிமிடம் விடுங்கள். கொடுக்குக்குள் இருந்து எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று பாருங்கள். உங்கள் பன்னை நனைத்தது அதுதான்.

நான்கு ரோலுக்கு ஒரு ஸ்டிக் உப்பில்லாத வெண்ணெய், அதாவது 113 கிராம். வாணலியில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரைச் சூடாக்கி, தீயை மிகவும் குறைத்து, குளிர்ந்த வெண்ணெயைத் துண்டு துண்டாகப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருங்கள். தெளிந்த நெய்யாகக் கூடாது. கெட்டியாக, வெளிர் மஞ்சளாக, கரண்டியின் பின்புறத்தில் படிய வேண்டும். கொதி வந்தால் பிரிந்துவிடும். தெர்மாமீட்டர் இருந்தால் 70 டிகிரி செல்சியஸ் பக்கம் வையுங்கள். சதையைப் போட்டு, கண்ணாடி மாதிரி தெரியும் இடமெல்லாம் வெள்ளையாகும் வரை நான்கைந்து நிமிடம் புரட்டுங்கள். உப்பு, சில துளி எலுமிச்சைச் சாறு. அவ்வளவுதான். மிளகாய்த்தூள், மசாலா எதுவும் வேண்டாம். இவ்வளவு காசு கொடுத்து வாங்கிய இனிப்பை மறைக்காதீர்கள்.

பன் மேலே பிளந்ததாக இருக்கட்டும். அதன் பக்கங்களில் மேல்தோல் இருக்காது, அதனால் வெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் பொன்னிறமாக வாட்டலாம். அந்த மொறுமொறுப்புதான் பன்னைத் தாங்கிப் பிடிக்கும். எல்லோரும் உட்கார்ந்த பிறகே நிரப்புங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் சிங்கி இறாலில் இதைச் செய்யலாமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: தாராளமாக. சிங்கி இறாலுக்குப் பெரிய கொடுக்கு கிடையாது, சதையெல்லாம் வாலில்தான். அது கொஞ்சம் அழுத்தமான சதை என்பதால் குறுக்கே சிறிதாக நறுக்குங்கள். பன்னுக்கு, பேக்கரியில் வெட்டாத பால் ரொட்டியாக வாங்கி, தடிமனாக அறுத்து, ஓரத்தை நீக்கி, நடுவில் அடிவரை போகாமல் கீறிக்கொள்ளுங்கள். இறால் ஓட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தட்டிப் போட்டு அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டி, அந்தச் சாற்றில் மிளகு, சீரகம், பூண்டு நசுக்கிப் போட்டு ரசம் வையுங்கள். மசாலாவுக்கு இடம் அங்கேதான்.