வேம்பயர் நாவலைத் தொடராக்குவது: அத்தியாயம் பிரிப்பதற்கு முன்னால்

‘டிராகுலா’ போன்ற ஒரு பழைய கோதிக் (திகிலும் மர்மமும் கலந்த) நாவலை எட்டு எபிசோட் தொடராக எழுத அத்தியாயங்களை எப்படிப் பிரிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பிரிப்பது இரண்டாவது வேலை. முதலில் எந்தப் பாத்திரத்துக்கு எது, எந்தத் தேதியில் தெரிய வருகிறது என்று ஓர் அட்டவணை போடுங்கள். ஒருவருக்குத் தெரிந்தது பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தெரியாது என்பதில்தான் இந்த வகை நாவல்களின் ஓட்டமே இருக்கிறது.

1897இல் வந்த ‘டிராகுலா’ முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, பத்திரிகைத் துணுக்குகளால் ஆனது. மே 3இல் தொடங்கி நவம்பர் 6இல் முடிகிறது. அட்டவணையில் மேலிருந்து கீழே தேதிகள், குறுக்கே பாத்திரங்கள், கடைசிக் கட்டம் பார்வையாளருக்கு. நிரப்பினால் தொடரின் எலும்புக்கூடு தானாகத் தெரியும். முதல் நான்கு அத்தியாயங்களில் இளம் வழக்கறிஞன் ஜோனதன் டிராகுலாவின் கோட்டையில் பார்த்ததெல்லாம் நமக்குத் தெரியும், இங்கிலாந்துக் கடற்கரை ஊரான விட்பியில் இருக்கும் யாருக்கும் தெரியாது. அவன் புடாபெஸ்ட் மருத்துவமனையில் கிடக்கிறான். திருமணத்தன்று மணமகள் மீனா அவன் குறிப்பேட்டைப் பிரிக்காமலே முத்திரையிட்டு வைக்கிறாள். பிறகு அதைப் படிக்கிறாள். 17ஆம் அத்தியாயத்தில் எல்லாருடைய குறிப்புகளையும் தட்டச்சு செய்து ஒன்றாக்குகிறாள். அதற்கப்புறம் ஆண்கள் ‘பாதுகாப்புக்காக’ என்று அவளை ஆலோசனையிலிருந்து விலக்குகிறார்கள், அதனாலேயே அவள் தாக்கப்படுகிறாள். எபிசோட் முடிவுகள் இந்த இடங்களில் விழ வேண்டும். அத்தியாயம் முடியும் இடத்தில் எபிசோடை முடித்தால் பாதி நேரம் யாராவது தூங்கப் போவதோடு முடியும்.

நாவலில் சுமார் 1,60,000 சொற்கள். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம், ஆக எபிசோடுக்கு 50 நிமிடம் என்றால் எட்டு எபிசோடுக்கு உங்கள் கையில் 400 பக்கம். போதுமானதுதான், ஆனால் சமமாகப் பங்கிடாதீர்கள். டிராகுலாவுக்குப் பலியாகும் மீனாவின் தோழி லூசியின் கல்லறைக் காட்சிக்குப் பின் வரும் மண்பெட்டித் தேடல் (டிராகுலா படுத்துறங்கக் கொண்டுவந்த 50 பெட்டிகள், வண்டிக்காரர்கள், ரசீதுகள்) படிக்கச் சுவையானது, திரையில் இழுவை. அரை எபிசோடில் முடியுங்கள். ஒரே ஒரு பெட்டி தப்பிவிட்டது என்பது மட்டும் பார்வையாளர் மனதில் நின்றால் போதும். மாறாக, டிராகுலாவை இங்கிலாந்துக்குக் கொண்டுவரும் டிமீட்டர் கப்பலின் குறிப்பேடு சில பக்கங்கள்தான், ஆனால் ஒரு முழு எபிசோட் தாங்கும்: கேப்டன், இரண்டு மேட் (துணை அதிகாரிகள்), சமையல்காரர், ஐந்து மாலுமிகள் என ஒன்பது பேர், தப்பிக்க வழியில்லாத ஒரே இடம். 2020இல் வந்த பிபிசி தொடர் தன் மூன்று எபிசோடில் ஒன்றை இதற்கே கொடுத்தது.

பாத்திரங்களைக் குறைக்கும்போது கவனம். லூசியை மணக்கக் கேட்கும் மூவரில் க்வின்ஸியைத் தூக்கிவிடலாம் என்று எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். லூசிக்கு ரத்தம் கொடுப்பவர்கள் நால்வர், அதில் அவன் ஒருவன். கிளைமாக்ஸில் டிராகுலாவின் நெஞ்சில் பாயும் கத்தியும் அவனுடையது. எடுத்தால் இரண்டையும் வேறொருவருக்கு மாற்றி எழுத வேண்டும். (ரத்த வகைகள் கண்டுபிடிக்கப்பட்டது நாவலுக்குப் பிறகு. இன்றைய பார்வையாளர் ‘நாலு பேர் ரத்தத்தையும் கண்டபடி ஏற்றுகிறார்களே’ என்று கேட்பார். ஒரு வரி வசனத்தில் அதை எதிர்கொள்வது நல்லது.)

அடுத்த சிக்கல், வில்லன் இல்லாமை. நான்காம் அத்தியாயத்துக்குப் பின் டிராகுலா அபூர்வமாகத்தான் கண்ணில் படுகிறார், அவர் தன் பார்வையில் சொல்லும் பகுதி ஒன்றுகூட நாவலில் கிடையாது. பக்கத்தில் இது பயத்தைக் கூட்டும். தொடரிலோ பெரிய சம்பளம் வாங்கும் நடிகர் மூன்று எபிசோடுக்குக் காணாமல் போவார். அவர் பார்வையிலிருந்து காட்சிகள் எழுதினால் பயம் போய்விடும், அனுதாபம் வரும். பல சீசன் ஓட வேண்டுமென்றால் அது சரி. ஒரே சீசன் என்றால் அவரை மறைத்தே வையுங்கள், ஆனால் எபிசோடுக்கு இரண்டு இடத்திலாவது அவர் வந்து போன தடயம் தெரியட்டும்: மனநல விடுதியில் இருக்கும் ரென்ஃபீல்டின் நடத்தை, லூசியின் உடல்நிலை.

நாவலே வேம்பயர் வாயால் சொல்லப்பட்டிருந்தால் தலைவலி வேறு. ‘இன்டர்வியூ வித் தி வேம்பயர்’ (1976) அப்படிப்பட்டது. 2022இல் தொடங்கிய தொடர் பேட்டி காண்பவரை வயதானவராக்கி, இது இரண்டாவது பேட்டி என்று வைத்தது. இதனால் பழைய பதிலையும் புதிய பதிலையும் வைத்து அவர் குறுக்குக் கேள்வி கேட்க முடிகிறது. பின்னணிக் குரலைச் சமாளிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. கதை சொல்பவருக்கு எதிரே குறுக்கிடக்கூடிய ஒருவரை உட்கார வைத்தால் அந்தக் குரலே காட்சியாகிவிடும். நாவலில் 5 வயதான குழந்தை வேம்பயர் கிளாடியாவை அந்தத் தொடர் 14 வயதாக்கியது. வேம்பயருக்கு வயதாகாது, நடிகருக்கு ஆகும். வயதை எழுதும்போதே முடிவு செய்யுங்கள்.

‘கார்மில்லா’ போன்ற குறுநாவல் எடுத்தால் மூன்று எபிசோடுக்கு மேல் நீட்டாதீர்கள். அதில் 1698 தேதியிட்ட ஓவியத்தில் வேம்பயரான கார்மில்லாவின் முகம் இருக்கும். திரையில் ஒரே நடிகை முகம் என்பதால் மர்மம் அந்த நொடியே உடைந்துவிடும், ஆகவே அதை மர்மமாக எழுதாமல் ‘அவளிடம் சிக்கிய லாராவுக்கு எப்போது உறைக்கும்’ என்ற பதற்றமாக எழுத வேண்டும். ஜெனரல் என்ற பாத்திரம் கடைசியில் சொல்லும் கதையும் லாராவுக்கு நடந்ததன் மறுபதிப்புதான், அதைத் தொடக்கத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

அடுத்து வேம்பயருக்கான விதிகள். ‘டிராகுலா’ நாவலில் டிராகுலா பகலில் லண்டன் பிக்காடிலியில் நடமாடுகிறார், அப்போது சக்திதான் குறைவு. வெயில் பட்டால் சாவு என்பது ‘நாஸ்ஃபெராட்டு’ (1922) என்ற ஜெர்மன் படம் சேர்த்தது. அனுமதி வாங்காமல் எடுத்த அந்தப் படத்தின் பிரதிகளை அழிக்க நீதிமன்றமே உத்தரவிட்டது. நாவலின் விதியை எடுத்துக்கொண்டால் இரவுப் படப்பிடிப்பு குறையும், தயாரிப்பாளரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். எந்த விதியானாலும் இரண்டாவது எபிசோடுக்குள் ஒருவர் பாதிக்கப்படும் காட்சியாகக் காட்டிவிட வேண்டும். மூல நாவலுக்குக் காப்புரிமை முடிந்திருந்தாலும், பின்னால் வந்த படங்கள் புதிதாகச் சேர்த்தவற்றுக்கு இருக்கலாம். உதாரணமாக, மீனா டிராகுலாவின் மறைந்த மனைவியின் மறுபிறவி என்பது நாவலில் இல்லவே இல்லை. எழுத்தாளர் குழுவில் அனைவரும் மூலத்தைப் படித்தாக வேண்டும்.

படப்பிடிப்பில் அடிபடும் இடங்களை எழுதும்போதே தவிர்க்கலாம். கோரைப்பல் மாட்டினால் உச்சரிப்பு குழறும், எனவே நீண்ட வசனமும் பல்லும் ஒரே காட்சியில் வேண்டாம். வசனத்துக்கு மெல்லியது, கடிக்கும் ஷாட்டுக்கு நீளமானது என இரண்டு செட் செய்வார்கள். கண்ணை முழுதும் மூடும் லென்ஸ் போட்டால் பார்வை மங்கும், அதோடு படிக்கட்டில் ஓட விடாதீர்கள். வெள்ளை இரவு உடையில் ரத்தம் பட்டால் அடுத்த டேக்குக்கு அதே உடையின் இன்னொரு பிரதி வேண்டும். மெழுகுவத்தி வெளிச்சத்தில் போலி ரத்தத்தின் நிறம் மாறித் தெரியலாம், நிறத்தை அந்த வெளிச்சத்திலேயே சோதியுங்கள். கண்ணாடியில் உருவம் தெரியாத ஷாட்டுக்குக் கேமராவை அசைக்காமல், வேம்பயரோடு ஒரு முறையும் இல்லாமல் ஒரு முறையும் எடுத்து இணைக்க வேண்டும். கேமரா நகர்ந்தால் செலவு எகிறும், சீசனுக்கு ஒன்று போதும். இருட்டுக் காட்சிகளை ஸ்டூடியோ மானிட்டரில் மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். சாதாரண டிவியில், விளக்கு எரியும் அறையில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்.

முடிவு இன்னொரு பொறி. நாவலில் டிராகுலா சில வரிகளில் செத்துவிடுகிறார்: சூரியன் மறையும் நேரம், ஜோனதனின் கத்தி கழுத்தில், க்வின்ஸியின் கத்தி நெஞ்சில். எட்டு எபிசோட் காத்திருந்தவருக்கு இது போதாது என்று ஒரு பெரிய சண்டையைச் சேர்ப்பார்கள், அது பெரும்பாலும் எடுபடாது. நீட்ட வேண்டியது துரத்தலைத்தான். ஆற்றில் படகு, கரையோரம் குதிரைகள், மலைப்பாதையில் மீனாவும் வேட்டையை வழிநடத்தும் பேராசிரியர் வான் ஹெல்சிங்கும் என மூன்று வழிகளை நாவலே தருகிறது. மூன்றிலும் மாறி மாறி வெளிச்சம் குறைவதைக் காட்டி, கடைசி எபிசோடின் பிற்பாதியை அதற்கே விடுங்கள். கத்தி இறங்கும் ஷாட் நாவலில் உள்ளபடி சில நொடிகளே இருக்கட்டும்.