புளியின் அமிலம் செம்பின் மேல் எப்படி உட்காருகிறது?

கோத்தகிரியின் மூடுபனி ஈரத்தில் செப்புக் குடம் சீக்கிரம் கறுக்கிறது, புளி தேய்த்தால் பளபளக்கிறது, அப்படியானால் அமிலம் செம்பில் ஒட்டுகிறதா என்று கேட்டிருக்கிறீர்கள். பளபளப்புக்குக் காரணம் ஒட்டுவது இல்லை. புளியின் டார்டாரிக் அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைத்துவிடுகிறது, தண்ணீர் அதைக் கொண்டுபோய்விடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் அமிலம் ஒட்டவும் செய்யும், அதுதான் ரொம்ப அழகான விஷயம். மிகை வெற்றிடத்தில், அதாவது காற்றை ஏறக்குறைய முழுதும் வெளியேற்றிய கலத்தில், சுத்தமான செம்புப் படிகத்தின் மேல் ஃபார்மிக் அமிலத்தை விட்டால், அதன் கார்பாக்சில் தொகுதி (ஒரு கார்பன், இரண்டு ஆக்சிஜன், ஒரு ஹைட்ரஜன் சேர்ந்த அமில முனை) ஹைட்ரஜனை இழந்து, இரண்டு ஆக்சிஜனும் அடுத்தடுத்த இரண்டு செம்பு அணுக்களைப் பிடித்துக்கொள்ள, மூலக்கூறு நிமிர்ந்து நிற்கும். பென்சாயிக் அமிலம் குறைவாக இருந்தால் அதன் கார்பன் வளையம் படுத்துக் கிடக்கும், கூட்டம் கூடினால் இடம் போதாமல் எழுந்துவிடும். தங்கம் எளிதில் வினைபுரியாது, அதனால் அங்கே, வளையத்தின் இரண்டு பக்கமும் அமில முனை உள்ள டெரெப்தாலிக் அமிலம் ஹைட்ரஜனை விடாமலே, ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு தட்டையாகப் பரவும்.

சரி, புளிக்கு வருவோம். டார்டாரிக் அமிலத்துக்கு இடக்கை வலக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடி பிம்பமான இரண்டு வடிவங்கள் உண்டு, புளியில் இருப்பது ஒன்று. 2000-இல் லிவர்பூல் ஆய்வாளர்கள் காட்டியது இது: அந்த ஒரு வடிவத்தைச் செம்பில் படியவிட்டால் தன் இரண்டு அமில முனையாலும் பிடித்துக்கொண்டு, மூன்று மூன்றாக, ஒரே பக்கம் சாய்ந்த வரிசைகளாக அடுக்கும், எதிர் வடிவம் மறுபக்கம் சாயும். நிக்கல் வினையூக்கியின் மேல் இதே அமிலத்தைப் படியவைத்து மெத்தில் அசிட்டோஅசிடேட் என்ற கரிமச் சேர்மத்தோடு ஹைட்ரஜனைச் சேர்த்தால், விளைபொருளிலும் ஒரு கை வடிவமே அதிகம் கிடைக்கும்.