சிஏ 15-3 கூடியிருக்கிறது, பெட் ஸ்கேன் எடுக்கணுமா?

வயது 56. மூன்று வருடத்துக்கு முன் இடது மார்பில் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து தொந்தரவு ஏதுமில்லை. வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் லேபில் சலுகை பேக்கேஜ் எடுத்தேன். 30-க்குள் இருக்க வேண்டிய சிஏ 15-3 என்ற மார்பகப் புற்றுநோய்க் குறியீடு 36 இருக்கிறதாம். உடம்பில் எங்காவது புற்றுநோய் இருக்கிறதா என்று பார்க்கும் பெட் ஸ்கேனுக்குத் தாங்களே ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்கள். நோய் திரும்பிவிட்டதா? சர்க்கரைக்குப் பத்து வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன், சுத்த சைவம்.

பதில்: இந்த ஒரு எண்ணை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஸ்கேன் வேண்டுமா என்பதை உங்களுக்கு வைத்தியம் பார்த்த புற்றுநோய் டாக்டர் சொல்லட்டும். ஏற்பாடு செய்கிறேன் என்றவர் உங்களைத் தொட்டுக்கூடப் பார்த்ததில்லை. ஆள் அனுப்பினால் இவ்வளவு என்று கமிஷன் பேசி வைத்திருப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். சிவப்பு எழுத்தில் ஓர் எண் அச்சானால் போதும், பயந்தவர் பர்ஸைத் திறந்துவிடுவார். ஆஸ்பத்திரியில் மூன்று மணி நேரம் உட்கார வைத்து இரண்டு நிமிடம் பேசி அனுப்பினால், மக்கள் இவர்களிடம்தானே போவார்கள்?

சிஏ 15-3 என்பது ஒரு புரதத்தின் துணுக்கு. கட்டி அதை ரத்தத்தில் உதிர்க்கும். ஆனால் கட்டி மட்டும் அல்ல. கல்லீரல் கெட்டாலும் கூடும். அப்புறம், கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதினீர்களே, மெட்ஃபார்மின், சைவம் என்று, அதுதான் என் கண்ணில் பட்டது. இரண்டும் சேர்ந்தால் வைட்டமின் பி12 குறையலாம். பி12 குறைந்து ரத்தசோகை வந்தவர்களுக்குப் புற்றுநோயே இல்லாமல் சிஏ 15-3 ஏறுவதுண்டு. பி12 ஊசி போட்டால் இறங்கிவிடும். கால் மதமதப்பு, நாக்கு எரிச்சல் இருக்கிறதா? இல்லாவிட்டாலும் பி12, ஹீமோகுளோபின், கல்லீரல் மூன்றையும் பாருங்கள். உங்களுக்கும் இதுதான் என்று அடித்துச் சொல்லவில்லை, ஆனால் செலவு கம்மி.

ரிப்போர்ட்டோடு இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். எலும்பு வலி, மூச்சிரைப்பு, புதுக் கட்டி ஏதாவது தெரிந்தால் நாளைக்கே. சில வாரம் கழித்து சிஏ 15-3-ஐத் திரும்பப் பார்க்கச் சொன்னால் அதே லேபில் பாருங்கள். இடம் மாறினால் டெஸ்ட் செய்யும் கிட் மாறும், எண்ணும் மாறும்.

தொந்தரவு இல்லாதவர்களுக்கு இந்த டெஸ்டை வழக்கமாக எடுக்க வேண்டாம் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ பல வருடமாகச் சொல்கிறது. பேக்கேஜ் போடுகிறவர்கள் காதில் அது விழவில்லை. வருடா வருடம் எடுக்கச் சொல்வது மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராம். அதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லையே, கடைசியாக எப்போது எடுத்தீர்கள்?