200 பேர் இருந்தும் குழு ஏன் ஊமையாகக் கிடக்கிறது?

பழைய பொருள் சேகரிப்பவர்களுக்கென்று குழு தொடங்கி, 200 பேர் சேர்ந்த பிறகும் யாரும் வாய் திறக்கவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். எங்களுக்கும் இதே கதைதான்.

எனக்கு மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட். பால்மரம் எனும் ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டத் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்களை இடித்து, சனமெல்லாம் தாமான் எனும் குடியிருப்புகளுக்குக் கலைந்துவிட்ட ஊர். 2019இல் ‘தோட்ட வரலாறு’ என்று வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தோம். காலை வணக்கப் படமும் திருவிழா நோட்டீசும்தான் வந்தன. ‘வரலாறு’ என்றதுமே, அது படித்தவர்கள் சமாச்சாரம் என்று பெரியவர்கள் ஒதுங்கிவிட்டார்கள்.

ஒருநாள் பின்கட்டில் கிடந்த, ரப்பர் பால் பிடிக்கும் பீங்கான் மங்கு ஒன்றைப் படமெடுத்துப் போட்டேன். விளிம்பு உடைந்தது, அடியில் கறுத்துப்போன கட்டிப்பால். “இதை எப்படித் துடைப்பீங்க?” என்று மட்டும் கேட்டேன். அரை மணி நேரத்தில் ஒரு பெரியம்மாவின் குரல் பதிவு, நாலு நிமிடம். பெரட்டுக்காக (காலையில் ஆள் கணக்கெடுப்பது) இருட்டில் எழுந்தது, மர வரிசையான நிரையில் நடந்தது, விரலை வளைத்து மங்கைச் சுற்றித் துடைத்தது, மழை வந்தால் அன்றைய பாலே போனது எல்லாம் அதில் இருந்தது. இரவுக்குள் இன்னும் பதினேழு பதிவுகள்.

விஷயம் தெரிந்தவர்களுக்குத் தட்டச்சு வராது, தட்டச்சு வருகிறவர்களுக்கு விஷயம் தெரியாது. அன்றுதான் இது எனக்கு உறைத்தது. இப்போது பெரியவர்கள் பேசுகிறார்கள், இரண்டு பேத்திகள் எழுத்தாக்குகிறார்கள். எழுதியதை டெலிகிராமில் சேர்த்து வைக்கிறோம், புதிதாக வருபவரும் முதலிலிருந்து படிக்கலாம். படங்களை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தரம் குறைந்துவிடும்.

ஆள் கணக்கை நினைத்துக் கவலைப்படாதீர்கள். இணையக் குழுக்களில் 100க்கு 90 பேர் பார்ப்பதோடு சரி, 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர்தான் விடாமல் எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006இலேயே சொல்லிவிட்டார். அப்படிப் பார்த்தால் உங்கள் 200இல் இரண்டு பேர். அந்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, தனியாகப் போன் போட்டுப் பேசுங்கள். கேள்வியும் அவரவர் கை பழகிய பொருளைப் பற்றியதாக இருக்கட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். 2022 பொதுத் தேர்தல் நேரத்தில் கட்சிச் செய்திகள் கொட்ட, இரண்டு பெரியவர்கள் வெளியேறிவிட்டார்கள். ஒருவரை வீட்டுக்கே போய் அழைத்து வந்தேன். மற்றவர் வரவில்லை, அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. அதன் பிறகு பார்வர்டு எதுவானாலும் உடனே நீக்கிவிடுகிறோம்.

மங்கிலிருந்து பேச்சு, தோளில் பால் சுமக்கும் காண்டா வாளிக்குப் போனது, அங்கிருந்து பெரிய தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற தோட்டத் துண்டாடலுக்கு. போன மாதம் ஒருவர், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்குவதற்காக 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தன் தாத்தா பங்கு வாங்கிய தாளைப் போட்டிருந்தார். கையெழுத்து இருக்கவேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை. “எங்க அப்பாவுதும் இருக்கு, தேடிப் பாக்கறேன்” என்று அந்தப் பெரியம்மா பதில் போட்டிருக்கிறார்.