தமிழில் அடிக்க ஒரு டெக்ஸ்ட் எடிட்டர் எழுதுகிறேன். சுலபமாகப் பழகும் ஷார்ட்கட் கீகளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

பெரும்பாலும் ஒவ்வொரு வேலைக்கும் அதன் ஆங்கில முதலெழுத்தைக் கொடுத்து வைத்திருப்பீர்கள். அங்கேதான் நான் அடிபட்டேன்.

கோபியில் டிடிபி கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகைதான் முக்கிய வேலை. பத்திரிகை அடிக்க என்றே ஒரு கம்பெனி எடிட்டர் செய்து கொடுத்தது. கன்ட்ரோல் எஸ் என்றால் சேமிக்கும். கன்ட்ரோல் டி என்றால் பக்கம் முழுவதையும் அழிக்கும், ஒரு வார்த்தை கேட்காது, அன்டூவும் கிடையாது. எஸ்ஸும் டியும் ஒட்டியிருக்கும் கீகள்.

வைகாசி முகூர்த்த நெருக்கடி. கடையில் வேலை செய்யும் பெண், அப்பாரு அப்பத்தா முதல் தாய்மாமன்கள் வரை 62 பேரை அடித்து முடித்துச் சேமிக்கப் போனாள். விரல் ஒரு கீ தள்ளி விழுந்துவிட்டது. பதறியதில் மறுபடி எஸ்ஸை அழுத்த, வெறும் பக்கம் சேமிப்பாகிவிட்டது. "அண்ணா, எல்லாம் போயிருச்சுங்ணா" என்று கண் கலங்கி நின்றாள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு விடிய விடிய நானே திரும்ப அடித்தேன். கம்பெனியில் கேட்டால், "டின்னா டெலீட்டுங்க, ஞாபகம் வெச்சுக்கச் சுலபம்தானுங்க" என்றார்கள்.

ஞாபகம் முதல் வாரத்துக்குத்தான். அப்புறம் விரல் தானாகப் போகும். இஸட், எக்ஸ், சி, வி நான்கும் கன்ட்ரோலுக்குப் பக்கத்தில் வரிசையாக இருப்பதால்தான் இடது கையாலேயே வெட்டி ஒட்ட முடிகிறது. 1983-இல் வந்த ஆப்பிள் லிசாவிலேயே இந்த ஏற்பாடு உண்டு. இதையெல்லாம் மாற்றாதீர்கள். அழிக்கும் வேலையை எஸ்ஸுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள், அன்டூ கட்டாயம் வேண்டும்.

விம் (Vim) என்ற எடிட்டரில் பழகியவர்கள் எச், ஜே, கே, எல்லில் நகர்வதே சுகம் என்பார்கள். சரி, அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் விம்முக்கு முன்னோடியான விஐ (vi) எடிட்டரை எழுதிய பில் ஜாய் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ (ADM-3A) டெர்மினலில் அந்தக் கீகள் மேலேயே அம்புக்குறி அச்சிட்டிருந்தது. நம் கீபோர்டில் அம்புக்குறிக்குத் தனி கீ இருக்கிறது.

இன்னொன்று, தமிழ்99 கீபோர்டு அமைப்பில் சி கீயை அழுத்தினால் ஒ வரும். வரும் எழுத்தை வைத்து ஷார்ட்கட்டை எழுதினால் காப்பி ஆகாமல் போகலாம். கீயின் இடத்தை வைத்து எழுதுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். புரூஃபில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அச்சானதும் "அத்தை பேரு விட்டுப்போச்சு" என்று இலவசமாகத் திரும்ப அடிக்கச் சொல்கிறார்கள். காகித விலையை யார் தருவது?

எடிட்டர் தயாரானதும் கடைக்குக் கொண்டு வாங்க. அந்தப் பெண் இப்போதும் இங்கேதான் வேலை செய்கிறாள். அவள் ஒரு நாள் முழுக்க அடித்துப் பார்க்கட்டும்.