இம்பிளான்ட் பல்செட்: இறுக்கமான இணைப்புதான் நல்லதா?

கீழ்த்தாடையில் கோரைப்பல் இருந்த இடங்களில் இரண்டு இம்பிளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்வேர்) பொருத்திக்கொண்ட வாசகர் ஒருவர், கழற்றி மாட்டும் பல்செட்டை இம்பிளான்ட்டோடு பிடித்துவைக்கும் பந்து இணைப்பு (உருண்டைத் தலை கொண்டது), லொகேட்டர் (தாழ்வான பொத்தான் போன்றது), பார் (இரு இம்பிளான்ட்டுகளை இணைக்கும் உலோகத் தண்டு) ஆகியவற்றுள் எது இம்பிளான்ட்டுக்குக் குறைந்த சுமை தரும் என்றும், மிக இறுக்கமானதைத் தேர்ந்தெடுத்தால் போதுமா என்றும் கேட்டிருக்கிறார்.

இறுக்கத்தை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. கடைவாயில் மெல்லும்போது பல்செட்டின் பின்பகுதி ஈறை அமுக்கிக்கொண்டு சற்றே கீழிறங்குகிறது. எலும்போடு பிணைந்த இம்பிளான்ட்டோ ஏறத்தாழ அசைவதே இல்லை. அதனால் பல்செட் முழுவதும், இரு இம்பிளான்ட்டுகளையும் இணைக்கும் கோட்டை அச்சாகக் கொண்டு கீலில் ஆடும் கதவுபோலச் சுழல்கிறது. இந்தச் சுழற்சிக்கு இணைப்பு இடம்கொடுத்தால் விசையின் கணிசமான பங்கை ஈறு ஏற்றுக்கொள்ளும். இடம்கொடுக்காவிட்டால் அது இம்பிளான்ட்டை வளைக்கும் விசையாக மாறி, எலும்பின் மேல்விளிம்பை ஒட்டிய கழுத்துப் பகுதியில் குவியும். நேராக அழுத்துவதை இம்பிளான்ட் நன்றாகத் தாங்கும். வளைப்பதுதான் அதற்கு ஆகாது.

பக்கவாட்டு விசை எவ்வளவு உயரத்தில் படுகிறதோ அந்த அளவுக்கு வளைப்பும் கூடும். பந்து இணைப்பு தாராளமாகச் சுழல விட்டாலும் உயரம் மிகுந்தது. லொகேட்டர் தாழ்வானது; பல்செட்டினுள் இடம் குறைவாக இருப்பவர்களுக்கும் அது பொருந்தும். பார், இரண்டு இம்பிளான்ட்டுகளையும் பிணைத்துச் சுமையைப் பங்கிடுகிறது. ஆனால் அதற்கு உயரத்தில் கூடுதல் இடம் வேண்டும். சுத்தம் செய்வதும் கடினம். உருண்டை வடிவப் பார் நேராக அமைந்தால் பல்செட் அதைச் சுற்றிச் சுழல முடியும். இரண்டே இம்பிளான்ட் உள்ளபோது பாரைப் பின்னோக்கி நீட்டச் சம்மதிக்காதீர்கள். அந்த நீட்சி நெம்புகோலாகி வளைப்பைப் பெருக்கும். காந்த இணைப்பு பக்கவாட்டில் வழுக்கிவிடுவதால் சுமை குறைவுதான். எனினும் பிடிப்பும் குறைவு, உமிழ்நீர் பட்டுக் காந்தம் அரிபடவும் கூடும்.

பல்செட்டுக்குள் இருந்து லொகேட்டரைக் கவ்விப் பிடிக்கும் நைலான் செருகிகள் பல பிடிப்பு நிலைகளில் கிடைக்கின்றன. மிக இறுக்கமான செருகியைப் போட்டால், ஒவ்வொரு முறை கழற்றும்போதும் இம்பிளான்ட் இழுபடும். கைவலு குறைந்த முதியவர்களுக்குக் கழற்றுவதே சிரமம். லேசானதில் தொடங்கி, போதாவிட்டால் மட்டும் ஒரு படி கூட்டச் சொல்லுங்கள்.

கீழ்த்தாடையில் எந்த இணைப்பைப் பயன்படுத்தினாலும் இம்பிளான்ட் நிலைத்திருப்பதில் பெரிய வேறுபாடு இல்லை என்றே மருத்துவ ஆய்வுகள் பொதுவாகக் காட்டுகின்றன. வேறுபாடு பராமரிப்பில்தான் தெரிகிறது. பற்களே இல்லாத மேல்தாடைக்கு இதை அப்படியே பொருத்தக் கூடாது. அங்கே எலும்பு மென்மையானது, வழக்கமாக நான்கு இம்பிளான்ட்டாவது தேவைப்படும்.

உண்மையில் இணைப்பின் வகையைவிட நான் அதிகம் கவலைப்படுவது பல்செட்டின் அடித்தளத்தைப் பற்றித்தான். பின்புற எலும்பு காலப்போக்கில் தேய்ந்து, அடித்தளத்துக்கும் ஈறுக்கும் நடுவே இடைவெளி விழும்போது, நல்ல இணைப்புகூடத் தாங்க முடியாத ஆட்டம் தொடங்கிவிடும். செருகிகள் வழக்கத்தைவிட விரைவாகத் தேய்ந்தால், புதியவற்றை மாற்றுவதோடு நிறுத்தாமல், அடித்தளத்துக்கு உட்பூச்சு (ஈறோடு மீண்டும் பொருந்தும்படி உட்புறத்தை நிரப்புவது) தேவையா என்று மருத்துவரிடம் அப்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள்.