பிழைத்த பிழைகள்

கேள்வி: தாத்தா சேர்த்து வைத்திருந்த சிவகாசித் தீப்பெட்டிப் படங்களில் ஒன்றில் பெயர் பிழையாக அச்சாகியிருக்கிறது. அச்சுப்பிழை உள்ள பொருள்களைச் சேகரிப்பாளர்கள் பெரும் விலை கொடுத்து வாங்குகிறார்களாமே? என் படத்துக்கு என்ன மதிப்பு இருக்கும்?
– ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: 'பிழை' என்று எழுதிவிட்டீர்கள், இனி அந்தச் சொல்லை விட்டு என்னால் நகர முடியாது. தவறு என்பதும் அதன் பொருள், உயிர் தப்புதல் என்பதும் அதன் பொருள். 'பிழைப்பு' என்றாலோ வயிற்றுப்பாடு. மூன்றும் ஒன்றாகக் குடியிருக்கும் இடம் பத்திரிகை அலுவலகம். இதழ் வெளியான மூன்றாம் நாளே, சிவப்பு மையில் அடிக்கோடிட்ட பிழைப்பட்டியலைத் தபாலில் அனுப்பிவிடும் கும்பகோணத்து அன்பர் ஒருவர் எங்களுக்கு உண்டு. பிழைக்கெல்லாம் விலை கிடைக்குமானால், நாங்கள் விட்ட ஒற்றெழுத்துகளை மட்டும் விற்றே சொந்தக் கட்டடம் கட்டி, திறப்பு விழாவுக்கு அவரையே தலைமை தாங்க அழைத்திருப்போம்.

சேகரிப்பாளர் காசு கொடுப்பது அந்தச் சொல்லின் இரண்டாவது பொருளுக்குத்தான், தப்பிப் பிழைத்ததற்கு. 1918 மே மாதம் அமெரிக்கா விமானத் தபாலுக்கென்று வெளியிட்ட 24 சென்ட் தபால்தலையில், இரண்டு நிறங்களை இரண்டு தடவையாக அச்சிட்டதில், விமானம் தலைகீழாகிவிட்டது. 100 தலைகள் கொண்ட ஒரே ஒரு தாள்தான் அஞ்சலகச் சன்னலைத் தாண்டி வெளியே வந்தது. அதை 24 டாலருக்கு வாங்கிய வில்லியம் ரோபி, சில நாள்களிலேயே 15,000 டாலருக்கு விற்றார். 2023இல் அதிலிருந்து ஒற்றைத் தலை மட்டும் 20 லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போனது.

எனக்கு இதைவிடப் பிடித்தது 1962இல் நடந்த கதை. விமான விபத்தில் இறந்த ஐ.நா. பொதுச் செயலர் டாக் ஹமர்ஷீல்டின் நினைவாக அமெரிக்காவில் வெளியான 4 சென்ட் தபால்தலையில், மஞ்சள் பின்னணி தலைகீழாக விழுந்த 50 தலைத் தாள் ஒன்று, நியூ ஜெர்சியின் நகைக்கடைக்காரர் லெனார்ட் ஷெர்மன் கைக்கு வந்து சேர்ந்தது. மனிதர் மகிழ்ந்து வெளியே சொன்னார், அங்கேதான் கெட்டது. தபால் துறைத் தலைவர் எட்வர்ட் டே, அதே பிழையை வேண்டுமென்றே 4 கோடிப் பிரதிகள் அச்சிட உத்தரவிட்டார். ஷெர்மன் நீதிமன்றத்துக்குப் போயும் அச்சு இயந்திரம் ஓடியது. இன்றும் அந்தப் பிழைத் தலை சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. ஒருவனுக்கு வாய்த்த அதிர்ஷ்டத்தைப் பொறுக்காமல், பிழையையே உற்பத்திப் பொருளாக்கிய அரசாங்கத்தை என்னவென்று சொல்வது! எங்கள் பிழைகள் குறைந்தபட்சம் நாணயமானவை.

இனி உங்கள் படம். மரச்சீவல் பெட்டியின்மேல் ஒட்டுவதற்காக லட்சக்கணக்கில் அச்சாகி, குச்சி தீர்ந்ததும் பெட்டியோடு குப்பைக்குப் போனவை அவை. அட்டைப்பெட்டி வந்து, படத்தைப் பெட்டியின்மேலேயே அச்சிடத் தொடங்கியதும் தனிப்படங்கள் அருகிப்போயின. யாரும் பத்திரப்படுத்தாததால்தான் இன்று அவற்றைத் தேடுகிறார்கள். ஆனால் பெயரில் உள்ளது பிழைதானா என்று முதலில் பாருங்கள். நன்றாக விற்கும் பெட்டியின் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பெயரில் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி விற்பது அந்தத் தொழிலில் பழைய தந்திரம். அது கை தவறி நேர்ந்ததன்று, பிழைப்புக்காகச் செய்தது. அதையும் ஆவலாய்ச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் போலி என்று தெரிந்தே. எல்லாம் ஒன்றாயிருந்து எழுத்து மட்டும் திருந்திய இன்னொரு படம் தாத்தாவின் படக்கட்டுக்குள் இருந்தால், உங்களுடையது உண்மையான அச்சுப்பிழையாக இருக்கலாம். இரண்டையும் பிரிக்காமல் வையுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள்: பசைத் தடமும் நீர்ச் சுருக்கமும் இருந்தால், தாத்தா பெட்டியைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்தெடுத்தது, வெள்ளையாக இருந்தால் பெட்டியில் ஒட்டப்படாமலே தப்பி வந்தது. விலையை என்னிடம் கேட்காதீர்கள். அதை வாங்குகிறவர்தான் சொல்ல வேண்டும்.

சென்ற இதழில் 34ஆம் பக்கம் இரண்டு முறை வந்திருப்பதால் அதைப் பத்திரப்படுத்தலாமா என்று மூன்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அச்சிட்ட எல்லாப் பிரதிகளிலும் இரண்டு 34 இருக்கிறது. தாராளமாக எடைக்குப் போடலாம்.